குட்ரம் துரையின் கோட்டுப் பையில் இருந்த மனு

லிட்டில்டன் குட்ரம் முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் ஹார்வெல் ஊரின் சார்பில் வர்ஜீனியா சட்டசபையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். வேறு எதையும் அவர் அங்கே செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அதை மழித்தவர் சவரக்கடை வைத்திருந்த என் கணவர் ஆர்மிஸ்டெட். மழித்தபின் துடைத்த துண்டுகளைத் துவைத்தவள் நான், டார்க்கஸ். கழுத்தில் மூன்று மடிப்பு; மூன்றிலும் மூக்குப்பொடி.

அவர் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் தாத்தாவில்தான் தொடங்குவார். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து ரத்தம் சிந்திய தாத்தா. நான் முதலில் கேட்டபோது அந்தத் தாத்தாவுக்குக் குண்டு பட்டது சுண்டுவிரலில். பத்து வருஷத்தில் அது தோளுக்கு ஏறியது. நெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. அந்தத் தாத்தா படைக்கு உப்புப் பன்றிக்கறி விற்றவர், அதில் பாதி அழுகல் என்பது ஊர்க் கிழவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை தட்டினார்கள்.

கட்சிகளும் அப்படித்தான். ஊர் ஜனாதிபதி ஜாக்சன் பக்கம் நின்றபோது இவரும் ஜாக்சன் ஆள். அவரை எதிர்த்த விக் கட்சிக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் மதுவை உருட்டி வந்தபோது முதல் கோப்பை இவர் கையில். அயர்லாந்துக்காரனை உள்ளே விடாதே என்று ஒரு கூட்டம் கிளம்பியபோது அதிலும் இவர். அந்த வருஷம் அவர் வீட்டுச் சமையல்காரியே அயர்லாந்துக்காரிதான்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாங்கள் போய் நின்றோம்.

என் கணவர் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பர். நான் மாவுமில்காரர் வீட்டில் அடிமை. பதினோரு வருஷச் சம்பாத்தியத்தைக் கொடுத்து அவர் என்னை வாங்கினார். வாங்கத்தான் முடிந்தது, விடுவிக்க முடியவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதினால் பன்னிரண்டு மாதத்துக்குள் நான் மாநிலத்தை விட்டே போய்விட வேண்டும் என்பது சட்டம். ஆகவே காகிதத்தில் நான் என் கணவருடைய மாடு. எங்களுக்குப் பிறந்த இரண்டு பெண்களும் கன்றுகள். அவர் இருமினால் நான் கஷாயத்தோடு ஓடுவேன். அவர் செத்துப்போனால் நாற்காலி, கத்தி, சோப்புக் கிண்ணத்தோடு சேர்த்து எங்கள் மூன்று பேரையும் ஏலத்துக்கான சொத்துக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

சட்டசபை மனம் வைத்தால் ஊரிலேயே இருக்க அனுமதி தரலாம். அதற்கு மனு எழுதினோம். இருபத்திரண்டு வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கொல்லர் பெக் மட்டும் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டு, மேலே கரி படிந்த கட்டைவிரலை அழுத்திவிட்டார்.

நாற்காலியில் சாய்ந்தபடியே குட்ரம் அதை வாங்கினார். “அட ஆர்மிஸ்டெட், இதெல்லாம் ஒரு வேலையாடா? நான் எழுந்து நின்னா போதும், சபையே சரின்னு சொல்லும்.”

“உங்க புண்ணியம், துரை.”

மனு அவர் கோட்டின் உள்பைக்குள் போனது. அந்தக் குளிர்காலம் ரயில் பாதை மசோதாவாம், நேரமில்லை. அடுத்த வருஷம் கவர்னருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்து, “அடிமைங்களை விட்டுடணும்னு வடக்கத்திக்காரனுங்க ரொம்பத் துள்றானுங்கடா, இப்ப காத்து சரியில்ல” என்றார். ஏழு வருஷம். ஏழு வருஷமும் என் கணவர் அவரிடம் சவரக் கூலி வாங்கவில்லை. அவரும் கொடுக்க முயலவில்லை.

ஒரு ஜூலை மாதம், நான்காம் தேதிச் சுதந்திர தின விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, குட்ரம் கடைக்கு வந்தார். மேடையில் பேச வேண்டியதை எழுதிக் கொண்டுவந்திருந்தார். முகமெல்லாம் நுரையோடு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். “சுதந்திரம், குடிமக்களே! மனிதனுக்குக் கடவுள் தந்த முதல் சொத்து!” என் கணவர் தாடையின் கீழே கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் சூடான துண்டோடு எதிரே நின்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் தாளின் மறுபக்கம் என் முகத்துக்கு நேரே இருந்தது. வரிசையாகப் பெயர்கள். அடியில் ஒரு கரிவிரல்.

துண்டு கையில் சுட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“துரை, அந்தத் தாளுக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு?”

அவர் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். “அட, இது உங்க காகிதமா! கைக்கு அகப்பட்டதுல எழுதிட்டேன். நல்ல கெட்டித் தாளு, மை ஊறவே இல்ல பாரு” என்றார். பிறகு, “அந்த இடத்துல குரலை ஏத்தணுமா, எறக்கணுமாடா?” என்று என் கணவரைக் கேட்டார்.

“ஏத்துங்க துரை” என்றார் ஆர்மிஸ்டெட். மழித்து முடித்து, முகத்துக்குப் பவுடர் பூசி, கோட்டை மாட்டிவிட்டு அனுப்பினார்.

அவர் போனதும் நான் வெடித்தேன். “கழுத்து உங்க கைக்குள்ள இருந்துச்சே!”

“இருந்துச்சு. இழுத்திருந்தா நாளைக்கு உன்னை எவன் வாங்குவான்னு யோசிச்சியா?”

ஆறிப்போன துண்டை வாளியில் போட்டேன். மறுபடி மனு எழுதவில்லை. எழுதினாலும் அதே பைக்குள்தானே போக வேண்டும்?

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் வருஷம் வந்தது. பிப்ரவரியில் குட்ரம் நீதிமன்றப் படியில் நின்று, தாத்தா கட்டிய நாட்டை உடைக்க விடமாட்டேன் என்று அழுதார். ஏப்ரலில் அதே படியில் நின்று, தாத்தாவின் ரத்தம் வடக்கை விட்டுப் பிரிந்து போகச் சொல்கிறது என்று அழுதார். இரண்டு முறையும் அதே கூட்டம்தான் கை தட்டியது. தெற்குப் படையின் சாம்பல் நிறச் சீருடை தைத்துக்கொண்டு, பையன்களின் முன்னால் பாலம் வரை அணிவகுத்தார். பாலத்தோடு திரும்பிவிட்டார். சட்டசபை உறுப்பினர்களுக்குப் படையிலிருந்து விலக்கு உண்டாம். இவ்வளவு வருஷத்தில் அவர் கவனமாகப் படித்த சட்டம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கூடப் போன பையன்களில் பதினான்கு பேர் திரும்பவில்லை. கொல்லர் பெக்கின் மகனும் அவர்களில் ஒருவன்.

அகழி தோண்டச் சுதந்திரக் கறுப்பர்களைப் பிடித்துப் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து யார் யார் என்ற பட்டியலைக் கொடுத்தவர் குட்ரம். முதல் பெயர் ஆர்மிஸ்டெட். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்து மாதம் கழித்து வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் வந்தார். இடது கையால் மழிக்கப் பழகினார். குட்ரம்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். “என்னடா, முன்ன மாதிரி வழவழன்னு இல்லையே” என்று குறை சொன்னார்.

தெற்கு தோற்றுப் போர் முடிந்தது. நான் யாருக்கும் மாடு இல்லை. ஜூன் மாதம் குட்ரம் கடைக்கு வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை, தொப்பியைக் கையில் வைத்திருந்தார். எங்கள் முன்னால் அவர் தொப்பியைக் கழற்றி, உச்சி வழுக்கை தெரிய நின்றது அன்றுதான். தோற்ற பக்கத்துப் பெரிய சொத்துக்காரர்கள் வாஷிங்டனுக்கு மன்னிப்பு மனு போட வேண்டியிருந்தது.

“ஆர்மிஸ்டெட், உனக்கு எழுதத் தெரியுமே. நான் உங்க ஜனங்களுக்கு எப்பவும் வேண்டியவன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பா.”

அப்பா! முப்பது வருஷமாக ‘டா’ போட்ட வாய்.

“வாசிங்க, கேட்கலாம்” என்றார் என் கணவர்.

வாசித்தார். ‘நீக்ரோக்களின் துயர் துடைத்தவர்’ என்ற இடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. அடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

“நான் போடமாட்டேன்” என்றார் ஆர்மிஸ்டெட்.

“என்னப்பா, இத்தனை வருஷப் பழக்கம்...”

“பழக்கந்தான். அதனாலதான் போடமாட்டேங்கறேன். கெளம்புங்க.”

குட்ரம் என்னைப் பார்த்தார். நான் துண்டு உலர்த்தப் போய்விட்டேன்.

அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மன்னிப்பு வந்தது. அக்டோபரில் மறுபடி தேர்தலில் நின்றார், அந்த நல்ல ஜனங்கள் மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். எங்கள் கடைக்கு வர முடியாததால் தாடி வளர்த்தார். கன்னத்தில் பாதி முளைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு விருந்தில் சிப்பிக்கறி தின்றுகொண்டிருந்தவர் தட்டின் மேலேயே சரிந்தார். சவ அடக்கத்தில் பாதிரியார் முக்கால் மணி நேரம் பேசினாராம், சுதந்திரம் என்ற சொல் பதினேழு தடவை வந்ததாம். எண்ணிக்கொண்டு வந்து சொன்னவள் என் மூத்த மகள். அவளை நான் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் போகவில்லை. அன்று நல்ல வெயில், துவைக்க நிறைய இருந்தது.