சங்கிலி அரைத்த கோலமாவு

கடையில் வாங்கிய கோலமாவை என் மனைவி குறை சொன்னதுதான் ஆரம்பம். "மண்ணைக் கலந்து விக்கிறானுங்க, விரல்ல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் மில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். சும்மா இருப்பேனா? வெள்ளைக்கல் வாங்கி வீட்டிலேயே அரைத்துக் காட்டுகிறேன் என்று, சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் இறங்கிவிட்டேன்.

பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று கிடந்தது. நெல்லித்தோப்புக் காயலான் கடையில் தடித்த இரும்புக் குழாய் வாங்கி, அதற்குள் சங்கிலித் துண்டுகள் சுழன்று கல்லை அடித்து நொறுக்கும்படி மிஷின் செய்தேன். முதல் நாளே கல் எகிறிக் கூரைத் தகரத்தை டமாரென்று அடித்தது. மனைவி அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். நான் விடவில்லை. கல் போடும் வாய்க்கு ரப்பர் மடல் தொங்கவிட்டேன். பெல்ட்டை மாற்றினேன். இன்னும் நைசாக வரட்டும் என்று கனமான சங்கிலி போட்டேன். மார்கழி முழுக்க ஒரே சத்தம். தெருவே என்னைத் திட்டியிருக்கும்.

தை பிறந்த பிறகுதான் விரலிடுக்கில் வழுக்கி விழும் மாவு வந்தது. மனைவி அதைக் கையில் அள்ளி, "லேசா கருப்பா இருக்குதே" என்றாள்.

"கல்லோட நிறம்டி அது. ஒனக்கு என்னா தெரியும்?" என்று வாயை அடைத்தேன். அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என் தம்பட்டம் எனக்கே தாங்கவில்லை.

எதிர் வீட்டுக்காரி தையல் வேலை செய்பவள், என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாள். அவள் மகளைப் பெண் பார்க்க அரியாங்குப்பத்திலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்தவர்களெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுப் போனதோடு சரி. இந்த இடமாவது அமையவேண்டுமே என்று தாயும் மகளும் தவித்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே அந்தப் பெண் தண்ணீர் தெளித்து, வாசலை அடைத்துக் கோலம் போட்டாள். என் மாவில்தான். நான் கேட்டில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, கோடு எப்படி விழுது!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்து பார்த்தால் கோலம் முழுக்கத் துரு. சங்கிலி தேய்ந்து மாவில் கலந்த இரும்பு, ஈரத்திலும் பனியிலும் பூத்துவிட்டது. தினமும் காலையில் போடும் கோலம் வண்டி ஏறிச் சீக்கிரமே கலைந்துவிடும், அதனால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. தாயும் மகளும் துடைப்பத்தால் தேய்த்தார்கள். வெள்ளை போனது, ரத்தம் சிந்தின மாதிரி சிவப்பு மட்டும் சிமெண்டில் தங்கிவிட்டது. அதற்குள் கார் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை வாசலிலேயே நின்றார். "என்னாம்மா இது? நல்ல காரியத்துக்கு வரும்போது வாசல்ல செவப்பா?"

'என் மிஷின் செய்த வேலையம்மா' என்று ஒரு வார்த்தை போதும். நான் என் கேட்டுக்குப் பின்னால்தான் நின்றேன். "போய்ச் சொல்லுங்களேன்" என்று மனைவி முதுகில் குத்தினாள். யாரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேனோ அத்தனை பேரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர் வீட்டுக்காரி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அத்தையிடம், "கோலத்துக்குக் காவி கரைச்சு வச்சிருந்தேங்க, கை தவறிக் கொட்டிட்டேன். என் தப்புதான், உள்ள வாங்க" என்றாள்.

"வாசலையே ஒழுங்கா வச்சிக்கத் தெரியல. பொண்ண எப்படி வளத்தாங்களோ" என்று முணுமுணுத்தபடி அத்தை கறையைத் தாண்டி உள்ளே போனார். இவள் சிரித்த முகமாகவே நின்றாள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

நல்லவேளை, இடம் அமைந்துவிட்டது. நான் கொட்டகையைப் பூட்டினேன். எதிர் வீட்டுக்காரி தெருவில் வந்தால் வேறு சந்தில் திரும்பிப் போனேன். ஒருநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைக்க வந்துவிட்டாள். நான் பின்பக்கம் நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்கண்ணே. கல்யாணத்துக்கு நீங்கதான் கோலமாவு அரைச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

"நானா?"

"ஆமா. வெள்ளைய மட்டும் குடுங்கண்ணே. காவிய நான் கடையில வாங்கிக்கிறேன்."

மனைவி சிரித்துவிட்டாள், அவளும் சிரித்தாள். நான் தட்டிலிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று அப்போதும் என் வாயில் வரவில்லை.