என் நட்சத்திரம் மூலம்தான்

நான் பிறந்தது மூல நட்சத்திரத்தில். ஆண் பிள்ளைக்கு அந்த நட்சத்திரம் யோகம் என்பார்கள். பெண் பிள்ளை என்றால் கட்டிக்கொண்டு போகிற வீட்டில் மாமனார் தங்க மாட்டார் என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இருந்தது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா அப்பாவிடம் பேசும் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான்.

எங்களுக்கு வல்லக்கோட்டை பக்கத்தில் கொஞ்சம் நிலம். அப்பா பயிர் வைத்தார். நான் பத்தாவது முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோலில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷினில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கீழே ஒரு தங்கை. எனக்கு ஆகாமல் அவளுக்கு ஆகாது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரத்தைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்பா ரோடு வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்து, நேரே கிணற்றடிக்குப் போய்விடுவார்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கையைக் கெடுக்கிற அந்த நட்சத்திரம் எது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் மூலத்தைப் பற்றிச் சொல்லத் தெரியும். வானத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நூலகத்தில் மாதாமாதம் வானம் எப்படி இருக்கும் என்று படம் போட்ட பழைய புத்தகம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து படித்தேன். விருச்சிகம் என்று தேள் மாதிரி ஒரு கூட்டம். அதன் வால்தான் மூலம்.

முதல் ஷிப்டுக்குக் கம்பெனி வேன் பிடிக்க விடியும் முன்னே கிளம்ப வேண்டும். தை மாதம் ரோட்டோரம் நின்று தென்கிழக்கே பார்த்தேன். பனைகளுக்கு மேலே, தரையை ஒட்டினாற்போல், தேள் தலையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. வால் அப்போதுதான் வெளியே வந்திருந்தது. கொக்கி மாதிரி வளைந்த வால், நுனியில் இரண்டு நட்சத்திரம் ஒட்டி ஒட்டி. அவ்வளவுதான். அழகாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பார்த்தேன். வேன் வருவது அதே நேரம்தான். ஆனால் தேள் தினமும் கொஞ்சம் மேலே வந்து நின்றது. பங்குனியில் நேர் தெற்கே, நல்ல உயரத்தில். அது நகரவில்லை, நாம்தான் சூரியனைச் சுற்றி வருகிறோம், அதனால் தினமும் கொஞ்சம் முன்னதாக அது நம் கண்ணுக்கு வருகிறது என்று புத்தகம் சொன்னது. நான் நின்றிருந்த அந்த ரோடும், பனையும், கம்பெனியும் எல்லாம் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எட்டி நடக்கவே ஒரு தெம்பு வந்தது.

நிலாவைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். நிலா ஒரு மாதத்துக்குள் வானத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறது. அது போகிற வழியில் இருபத்தேழு இடம் குறித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். நான் பிறந்த அன்றைக்கு நிலா தேளின் வாலுக்கு நேரே இருந்தது. என் மேல் இருந்த குற்றம் மொத்தமும் இதுதான்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டிருந்த அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், மாசி மாதத்தில் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் குடும்பம். பையனின் அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. பையன் ஒரு பட்டறையில் ஃபிட்டர்.

"நட்சத்திரம் பூராடம்னு சொல்லிடலாம்யா," என்றார் தரகர். "மூலத்துக்கு அடுத்தது அதான. பூராடத்துக்கும் ஒரு பேச்சு இருக்கு, ஆனா மாமனாருக்குப் பாதகமில்ல. பொறந்த நேரத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டா ஜாதகம் சரியாப் பூடும். எல்லாரும் பண்றதுதான்."

அப்பா தலையை ஆட்டினார். நான் உள்ளேயிருந்து வந்தேன்.

"நான் பொறந்தப்ப நிலா எங்க இருந்துச்சோ அங்கதான் இருந்துச்சு. அத நாம எப்படிப்பா தள்ளி வைக்கிறது?"

"நீ வாயத் தொறக்காத இருந்தா போதும்," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா, பையன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனேன். பையனின் அம்மா பொதுவாகக் கேட்டார்.

"பொண்ணுக்கு இன்னா நட்சத்திரம்?"

"பூராடம்மா," என்றார் தரகர்.

"இல்ல," என்றேன். "மூலம்."

தட்டு என் கையில்தான் இருந்தது. அதை நடுவில் வைத்தேன். அந்த அக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். பையனின் அப்பா மட்டும் எழவில்லை. வெயிலில் கறுத்த கழுத்து, அகலமான ஆள். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீயே இத்த சொல்றியே, இன்னாத்துக்கு?"

"பொய் சொல்லி உங்க வூட்டுக்கு வந்தா, நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான் ஒளிஞ்சிகினு நிக்கணும். அது என்னால முடியாது."

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தரகர் அப்பாவைப் பார்த்து, "இனிமே என்னியக் கூப்பிடாதய்யா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அம்மா சோறு போடும்போது மட்டும் பேசினார். தங்கை ஒருநாள் அழுதுகொண்டே, "உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாமா?" என்று கேட்டாள். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்பதற்காக என்னை நானே சாவு கொண்டுவருகிறவள் என்று ஒத்துக்கொள்ள முடியாது. சித்திரையும் வைகாசியும் அப்படியே போயின. காலையில் வேனுக்கு நிற்கும்போது தேள் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. ஆனியில் அதை விடியற்காலையில் காணோம். பொழுது சாய்ந்ததும் கிழக்குப் பக்கம் வந்து நின்றது.

ஆடி முடியப் போகிற நேரம். நான் ஷிப்ட் முடிந்து, குளித்து, நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த ரயில்வேக்காரர். தனியாக வந்திருந்தார். டூட்டி முடிந்து நேரே பஸ் ஏறியிருக்கிறார், காக்கி பேண்ட்டில் கிரீஸ் கறை.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆடி மாசத்துல யாராச்சும் இந்தப் பேச்சுக்கு வருவாங்களா?" என்றார்.

"ஆடில ரயிலு ஓடாம கீதா?" என்று சொல்லிக்கொண்டே அவர் உட்கார்ந்தார். "அன்னிலருந்து யோசிச்சிகினே கீறேன். எங்கக்கா என் உசுருக்குப் பயப்படுது. என் சம்சாரம் என் உசுருக்குப் பயப்படுது. எல்லாருமே என் உசுரப் பத்திதான் பேசறாங்க. என்னிய ஒருத்தரும் கேக்கல. தெனிக்கும் லைன்ல நடக்கறவன் நானு. முன்னாடியும் ரயிலு, பின்னாடியும் ரயிலு. எனக்கு இந்தப் பொண்ணு ஒண்ணுதான் பயமா?"

பிறகு என்னைப் பார்த்து, "அது எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எது?"

"அந்த மூலம்."

நான் அவரை வீட்டுக்குப் பின்னால் களத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பாவும் கூட வந்தார். சாயங்காலம் மழை பெய்து வானம் கழுவினாற்போல் இருந்தது. மேற்கே மெல்லிய பிறை. தெற்கே தேள் முழுசாகத் தெரிந்தது. வாலைக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இத்துனூண்டு. இதுக்கா இம்மாம் பேச்சு?"

"நிலா இப்ப அந்தப் பக்கம் இருக்கு பாருங்க. இன்னும் எட்டு நாள் போல இந்த வாலுகிட்ட வந்துடும். அடுத்த நாள் தாண்டிப் பூடும். அடுத்த மாசம் திரும்பவும் வரும். நான் பொறந்தப்ப வந்தது மாதிரிதான் மாசாமாசம் வருது."

"நிலா அத்த தொடுதா?"

"இல்ல. நிலா பக்கத்துல இருக்கு. அது எங்கியோ தூரத்துல இருக்கு. நீங்க ரயில்ல போகச்சொல்ல பக்கத்துல இருக்கிற கம்பம் தூரத்து மலைக்கு நேரா வருமே, அந்த மாதிரி. கம்பத்துக்கும் மலைக்கும் ஒண்ணும் சம்பந்தம் கிடையாது."

அவர் சிரித்தார். "உங்க நட்சத்திரம் இன்னா மாமா?" என்று கேட்டேன். மாமா என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது.

"யாருக்குத் தெரியும். எங்கம்மா நாத்து நடச்சொல்ல வரப்புலயே பொறந்தேனாம். எவன் பாத்தான்."

அப்பா அன்றைக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். "போய் அவருக்கு சோறு எடுத்து வை," என்றார்.

ஆவணியில் வல்லக்கோட்டை முருகன் கோவிலில் கல்யாணம். மாமாவின் அக்கா வரவில்லை. மாமியார் வந்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் ஆன பிறகு என் வீட்டுக்காரரிடம், "அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தகூடப் பேசல?" என்று கேட்டேன். "அப்பா பேசுவாருன்னு தெரியும்," என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அடுத்த வருஷமே தங்கைக்கும் ஆயிற்று.

மாமாவும் நானும் நன்றாக இருந்தோம். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தால், "இன்னிக்கு உன் ஆளு எங்க கீறான்?" என்று நிலாவைப் பற்றிக் கேட்பார். எனக்குத் தெரிந்தால் சொல்வேன், இல்லாவிட்டால் இரண்டு பேரும் வெளியே போய்த் தேடுவோம்.

கல்யாணமாகி நாலாவது வருஷம், பட்டப்பகலில், தண்டவாளத்து ஓரம் நிழலில் உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவர் உடம்பை வாசலில் கிடத்தியிருந்தபோது அந்த அக்கா வந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "வந்த மூலம் வாரிக்கினு பூடுச்சே. நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, நீ பின்பக்கம் போய் இரும்மா என்றாள்.

என் பக்கம் பேச அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் கீழே படுத்திருந்தார். அவரையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் போக மாட்டேன்," என்றேன். "அவருக்கு மாரு வலி ரெண்டு வருஷமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனது நான். மாத்திர வாங்கிக் குடுத்தது நான். வானத்துல இருக்கிறது எதுவும் அவர ஒண்ணும் பண்ணல."

"பொணத்து முன்னாடி எதுத்துப் பேசறா பாரு," என்றார் அந்த அக்கா.

"ஆமா. எதுத்துத்தான் பேசறேன். இங்க பேசலன்னா வேற எங்க பேசறது?"

இந்தத் தடவை என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அங்கேயே நின்றார். நான் மாமாவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், தூக்கும் வரைக்கும்.

ஒருநாள், ஒரே ஒருநாள், எனக்கும் ஆட்டம் கண்டது. காரியத்துக்கு முந்தின நாள் பொழுது இறங்கும் நேரம், கொடியில் துணி எடுக்கப் போனேன். நிலா கிளம்பியிருந்தது. ஒருவேளை இருக்குமோ என்று மனசுக்குள் ஒரு குரல். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று அதைப் பார்த்தேன். நான் பிறந்த பிறகு எத்தனை தடவை அது அந்த வாலைத் தாண்டிப் போயிருக்கும். அந்தந்த நாளில் எத்தனை பெண்கள் பிறந்திருப்பார்கள். எத்தனை மாமனார்கள் திடமாக வயலுக்கும் கடைக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். நிலா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னைத் தெரியவே தெரியாத ஒன்றுக்காக நான் தலை குனிய மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

பின்னால் மாமியார் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"உனக்கு பயமா இல்லியா?" என்றார். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மாதிரி இருந்தது.

"இல்ல அத்தை. கோவமா இருக்கு."

"எனக்கும்," என்றார். "சொல்லாம கொள்ளாம பூட்டாரு." என் கையிலிருந்து பாதித் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். பேர் வைக்கிற அன்று உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மாமாவின் அக்காவும் இருந்தார். குழந்தை பிறந்தது எத்தனை மணிக்கு, எழுதிக்கொண்டு போய் ஜாதகம் பார்க்கிறேன் என்றார்.

"யாரும் மணி பாக்கல," என்று மாமியார் சட்டென்று சொன்னார். பிரசவ அறை வாசலில் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தவர் அவர்.

எனக்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் அது வேண்டாம் என்று பட்டது.

"பாத்தோம்," என்றேன். "சொல்ல மாட்டோம்."

அக்கா மாமியாரைப் பார்த்தார். மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆமா, சொல்ல மாட்டோம்," என்றார். குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் எல்லோர் கையிலும் ஒருமுறை கொடுத்தார், அந்த அக்கா கையிலும்.

அந்தக் குழந்தை இப்போது ஒரகடத்தில் ஒரு கார் பாகம் செய்கிற கம்பெனியில் உற்பத்தி லைனைக் கவனிக்கிறாள். ஜாதகம் கேட்டு இரண்டு குடும்பம் வந்தது. இல்லை என்றோம், போய்விட்டார்கள். நேரத்தையாவது சொல்லுங்கள், நாங்களே கணித்துக்கொள்கிறோம் என்று ஒரு தரகர் போன் பண்ணினார். போனை அவளிடமே கொடுத்தேன். அவளுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே, "சொல்ல மாட்டோம்," என்று சொல்லி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.