சியேனிக்குப் பக்கத்தில் ஆடியவன்

ஃபெரேத்தி விழுந்து புரளவே பிறந்தவன் என்று, தீவுகளிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் மாங்கெரேயில் சொல்லாதவர்கள் இல்லை. தேவாலயச் சபை விருந்துகளில் கடைசி ஆட்டம் எப்போதும் அவன் அக்கா சியேனியுடையது. தலையில் முடியும் சிப்பியும் வைத்துக் கட்டிய கிரீடம் அசையாமல், கைகளை மட்டும் மிதக்கவிட்டு நடுவில் ஆடுவாள். இவன் அவள் காலடியில் பொத்தென்று விழுவான், உருளுவான், கத்துவான், தன் நெஞ்சிலேயே அறைந்துகொள்வான். பக்கத்தில் ஆடுகிறவன் எவ்வளவு கோணங்கியோ அவ்வளவு அழகு நடுவில் நிற்பவளுக்கு. இதற்கு ஐயூலி என்று பெயர். ஆறு வயதில் ஆரம்பித்தான். முன்பல் ஒன்று அதில்தான் போனது.

வளர்ந்தபின் நகரத்தில் நவீன நடனம் படித்தான். பகலில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, மாலையில் ஒத்திகை. இருபது வருடத்தில் ஒன்பது ஆட்டங்கள் அமைத்தான். ஒன்பதிலும் ஒரே பிடிவாதம். மேடையின் நடுவை விட்டு ஓரத்தைப் பார் என்பான். தூக்குகிறவன், தாங்குகிறவன், விழுகிறவன், இவர்கள்தான் அவனுக்கு ஆட்டம். "நடுவுல நிக்கிறவங்களைப் பத்தி ஆடறதுக்கு உலகம் பூரா ஆள் இருக்கு" என்பான். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் இதைப் பெரிய தத்துவம் என்று எழுதின. சபையிலோ, "மூணு வருஷம் படிச்சிட்டு வந்தும் தரையிலதான் கிடக்கிறான்" என்று சிரித்தார்கள். இரண்டு தரப்புக்கும் பாதிதான் புரிந்தது என்பது என் கட்சி.

பத்தாவது ஆட்டம் சியேனிக்காக. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போவது இவன். ஊசி ஏற்றிய இடக்கையை அசைக்கக் கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே ரேடியோவில் ஏதோ பாட்டு வர, வலக்கையை மட்டும் தூக்கி அவள் ஆடினாள். விரல்கள் திரும்பிய அழகைப் பார்த்து நர்ஸ் கையிலிருந்த வேலையை மறந்து நின்றாள்.

"அக்கா, இதை மேடையில ஆடு. நீ நடுவுல, நான் கீழே."

"ஒத்தைக் கையிலயா? இன்னொரு கை எங்கேன்னு கேக்க மாட்டாங்க?"

"லீவுல இருக்குன்னு சொல்லிடலாம்."

"உன் பல்லு மாதிரியா?" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். அவள் கேலி செய்தால் சம்மதம் என்று அர்த்தம்.

ஐந்து மாதம் ஒத்திகை நடந்தது. நல்ல நாளில் பத்து நிமிடம் நிற்பாள், மற்ற நாட்களில் நாற்காலி. முதல் நாள் அரங்கில் அவள் அந்த நடுவில் நின்றால் போதும், அவனுக்கு வேறு ஆசையே இல்லை. அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. அரங்கேற்றத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, காலையில் கோகோ குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையை வைத்துவிட்டுச் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் அரங்கத்தை நடத்தும் பிரிஜெட் வந்தாள். தள்ளிப்போடலாம், இல்லையென்றால் வேறொரு பெண்ணை நிறுத்தலாம் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். "சியேனி இருந்திருந்தா தள்ளிப்போட விடமாட்டா" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒரு பெண்ணை நிறுத்தியும் பார்த்தார்கள். பாவம், நன்றாகவே ஆடினாள். ஆனால் அவள் காலடியில் விழ ஃபெரேத்தியின் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் மடங்கியதோடு நின்றுவிட்டது.

"அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க" என்றான்.

முதல் நாள் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் வெறும் வெளிச்சம். அதைச் சுற்றி அவன் குதித்தான், நெஞ்சில் அறைந்தான், புரண்டான். முதலில் சிரித்த கூட்டம் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. மறுநாள் பத்திரிகையில் 'வெற்றிடத்தை நடுவில் வைத்த துணிச்சல்' என்று வந்தது. எழுதியவரைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம். ஃபெரேத்திக்கு ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை.

"துணிச்சலாம்மா. எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு?"

அம்மா சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் ஆடினே. ஆனா ரெண்டு தடவை அவளுக்கு முதுகைக் காட்டிட்டே."

அவன் குனிந்து கீழே விழுந்த தோலைப் பொறுக்கினான்.

"கூடப் பொறந்தவளுக்கு முதுகு காட்டி ஆடறது எங்கயாவது உண்டா?"

"அந்தப் பக்கம் பாக்க முடியலம்மா."

"எனக்கு மட்டும் முடிஞ்சுதா? பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்."

அன்று மாலை இரண்டாவது ஆட்டம். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அரை மணி நேரமும் அவள் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தபடியே ஆடினான். முடிவில் தரையில் விழுந்தான். விழுந்தவன் எழுந்து, இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டி, பாருங்கள் இவளை என்று காட்ட வேண்டும். அப்படித்தான் அமைத்திருந்தான். கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவள் போய்விட்டாள் என்பது பன்னிரண்டாவது நாளில், அந்தத் தரையில் வைத்துத்தான் அவனுக்கு முழுசாக உறைத்தது. எழ முடியவில்லை. தோள்கள் குலுங்கின. பாட்டு நின்றது.

அதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.