பர்விஸ் வெளியே நின்ற இருபத்து நான்கு வருஷம்

என் முன்னாள் புருஷன் பர்விஸ் காடிஸ் ஒரு கடை ஜன்னலில் மாட்டிக்கொண்ட கதை எங்கள் ஊர் ஹாலி பெண்டில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சொல்லும்போது என்னைப் பாவப்பட்டவளாக்கி விடுகிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று நாலில் டிவி, பிரிட்ஜ் விற்கும் கடையின் பின்ஜன்னலை உடைத்துத் தலையை உள்ளே விட்டான். தலை போயிற்று, தோள் போயிற்று, தொப்பை மட்டும் வர மாட்டேன் என்றது. விடியும்வரை பாதி ஆள் கடையிலும் பாதி ஆள் சந்திலுமாகத் தொங்கினான். ஷெரிப்பின் ஆட்கள் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றித்தான் உருவி எடுத்தார்கள். ஒரு ரேடியோவைக்கூட அவன் கை தொடவில்லை. ஆனால் பாதி உடம்பு நுழைந்தாலும் நுழைந்ததுதான் என்றார் நீதிபதி. ஏழு வருஷம் போட்டார், நாலு வருஷம் உள்ளே இருந்தான்.

அவன் எடுக்கப் போன டிவி எங்கள் வீட்டுக்கில்லை, லொரெட்டா என்கிற ஒருத்தியின் வீட்டுக்கு. இதை நான் கோர்ட்டில், சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியோடு உட்கார்ந்து, ஊரோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷமே விவாகரத்து வாங்கினேன். பகலில் கெளுத்தி மீன் ஆலையில் மீன் வெட்டி, ராத்திரியில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

தொண்ணூற்று ஒன்பது நவம்பரில் தேர்தல் வந்தது. எங்கள் வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்தில்தான். தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு உள்ளே மேஜை போடுவார்கள். முதல் மேஜையில் பெயர் சரிபார்ப்பவள் நான். விடுதலையாகி ஒரு வருஷம் ஆகியிருந்த பர்விஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

"பேரு?" என்றேன்.

"என் பேரு தெரியாதா வெர்னெல்? ஒம்பது வருஷம் நீயும் காடிஸ்ங்கிற அதே பேரத்தான வச்சிருந்த."

வரிசையில் சிரிப்பு. எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஓட்டு கெடையாது. வழிய மறிக்காம நகரு," என்றேன், கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி.

வாக்காளர் பெயர்ப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. சிறைக்குப் போனால் ஓட்டுப் போயிற்று என்பது எங்கள் ஊரில் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி விஷயம். பாதிரியார், நாவிதர், ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பர்விஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சரியாகச் செய்தோம் என்ற நிம்மதியோடு மத்தியானம் இரண்டு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு எரிச்சல். மூலையில் போய் உட்காராமல், ஒவ்வொரு தேர்தலுக்கும் சர்ச் வேனை எடுத்துக்கொண்டு ஊரையே ஓட்டுப் போடக் கூட்டிவர ஆரம்பித்தான். யார் வீட்டு வாசலிலும் ஹார்ன் அடிப்பான். இப்போது எண்பத்தெட்டு வயதாகிற மிஸ் ஹாட்டி, முடி சுருட்டும் சுருளைத் தலையில் மாட்டியிருக்கிறேன் என்றாலும் விட மாட்டான்.

"சுருளோட வாங்க மிஸ் ஹாட்டி. ஓட்டுப் பெட்டி என்ன உங்களக் கல்யாணமா பண்ணிக்கப் போகுது?"

"யாருக்குடா போடறது பர்விஸ்?"

"என்னக் கேக்காதீங்க. எனக்குத்தான் அது இல்லையே."

எல்லோரும் உள்ளே போனதும் வேனில் சாய்ந்துகொண்டு அவித்த வேர்க்கடலை தின்பான். லொரெட்டா எப்போதோ டெட்ராய்ட் போய்விட்டாள். அவன் மெலியவும் இல்லை, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு வந்து கடைசி வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

போன செப்டம்பரில் வாக்குச்சாவடியில் வேலை செய்கிற எங்களுக்குத் தேர்தல் வகுப்பு நடந்தது. கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் காய்ந்த டோனட்டும் தண்ணிக் காப்பியும் கொடுத்து வருஷா வருஷம் ஒரே பாடத்தை நடத்துவார்கள். இந்தத் தடவை மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்து வந்த ஒரு பெண் இருபத்திரண்டு குற்றங்கள் கொண்ட பட்டியலைப் படித்தாள். இவற்றைச் செய்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டுப் போகும். திரும்ப வேண்டுமென்றால் அவரவர் பெயரில் சட்டசபையில் தனி மசோதா வர வேண்டும், இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும்.

கொலை, திருட்டு, பொய்ச் செக், மரம் வெட்டிக் கடத்துவது, இரண்டு கல்யாணம். என் பக்கத்திலிருந்த டார்க்கஸ் என் விலாவில் இடித்தாள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கு ஓட்டு கெடையாதாம். ஒருத்தியச் சமாளிக்கிறவனுக்கு ரெண்டு ஓட்டுல்ல குடுக்கணும்!"

பட்டியலின் வேர் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறில் இருக்கிறது. எங்களைப் போன்ற கறுப்பர்கள் எந்தக் குற்றத்தில் மாட்டுவார்கள் என்று வெள்ளைக்கார கனவான்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்டது. பிறகு வந்தவர்கள் அதில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். நான் கை தூக்கினேன்.

"ஜன்னல ஒடச்சு உள்ள போறது?"

"அது இதுல இல்லம்மா. எதையாவது எடுத்திருந்தாதான் திருட்டு. வெறுமனே நுழைஞ்சவர் ஜெயில்ல இருந்தே தபால்ல ஓட்டுப் போடலாம்."

கடித்த டோனட்டைக் கீழே வைத்தேன். வகுப்பு முடிந்ததும் மாடியில் பதிவு அலுவலகத்தில் பழைய வாக்காளர் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். தொண்ணூற்று ஒன்பதில் காடிஸ், பர்விஸ் என்று பெயர் இருந்தது. வருஷக்கணக்கில் ஓட்டுப் போட வராததால் பிறகு நீக்கியிருந்தார்கள்.

பதினைந்து நாளைக்குள் மறுபடி பதிவு செய்தால் நவம்பரில் ஓட்டுப் போடலாம். அதை அவனிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. முழங்கால் வலி என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். பதினோராவது நாள், சனிக்கிழமை, சர்ச் பின்புறம் அவன் மீன் பொரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"பர்விஸ், ஒனக்கு ஓட்டு இருக்கு."

"எங்க, இந்த எண்ணெச் சட்டியிலயா?"

"வெளையாடாத. எப்பவுமே இருந்துச்சு. உள்ள இருந்தப்பக்கூட இருந்துச்சு."

மீனைத் திருப்பினான். "இருக்குன்னு யாரு சொன்னா?"

"ஜாக்சன்லேருந்து வந்த பொண்ணு."

"அப்ப இல்லன்னு சொன்னது?"

"நான்தான்."

இன்னொரு மீனைத் திருப்பினான். "எப்படி இருக்குங்கிறாங்க?"

"நீ ஒண்ணும் எடுக்கல. நுழைஞ்சது மட்டும்தான். எடுத்திருந்தா போயிருக்கும்."

குனிந்து தொப்பையைப் பார்த்தான். தட்டிக்கொடுத்தான். "இதக் கொறைக்கச் சொல்லி டாக்டர் உயிர எடுக்கறாரு. நன்றி கெட்ட மனுசன்."

"எனக்குச் சட்டம் தெரியாது பர்விஸ்."

"தெரிஞ்சிருக்காதுதான்," என்றான். தட்டில் இரண்டு துண்டு மீனை வைத்து நீட்டினான்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் யோக்கியமானவள். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் மீனைத் தின்றுவிட்டு வந்தேன். அவன் பதிவு செய்தானா இல்லையா என்றும் கேட்கவில்லை.

தேர்தல் அன்று காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. மிஸ் ஹாட்டி இறங்கினாள், மற்றவர்கள் இறங்கினார்கள். வண்டியை அணைத்துவிட்டு அவனும் இறங்கினான். கோட்டுப் போட்டிருந்தான், பொத்தான் எட்டவில்லை. வரிசையின் கடைசியில் நின்றான். என் மேஜைக்கு வர இருபது நிமிஷம் ஆனது. பயந்தவள் நான்தான்.

படம் போட்ட அடையாள அட்டையை வைத்தான். பெயரைத் தேடிப் பிடித்தேன். கையெழுத்துப் போடும் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினேன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அன்னிக்கு எனக்குச் சட்டம் தெரியாதுதான். ஆனா ஒன்ன வெளிய அனுப்பறப்ப சந்தோசமா இருந்துச்சு பர்விஸ். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு."

பேனாவை நிறுத்தாமல் கையெழுத்தை முடித்தான்.

"தெரியும். ஒன் மொகத்துல இருந்துச்சே. அதனாலதான் நான் வேற யார்கிட்டயும் போய்க் கேக்கல."

"எதனால?"

"நாலு வருசம் ஜட்ஜுக்குக் கழிச்சேன். மிச்சம் ஒனக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

இருபத்து நாலு வருஷம்! கொலைகாரனுக்குக்கூட நான் அவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன்.

"நான் அவ்வளவு கேக்கலையே," என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"நீ எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே வெர்னெல்," என்றான் பர்விஸ்.

வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தேன். மறைப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கவர்னர் பதவிக்கு நிற்பவர்களில் ஆரம்பித்துப் பிணப் பரிசோதனை அதிகாரி பதவிக்கு நிற்பவர்கள் வரைக்கும் ஒவ்வொரு பெயரையும் உதட்டை அசைத்துப் படித்தான். கால் மணி நேரம் ஆனது. வரிசை வாசலைத் தாண்டிப் போனது.

"அங்க என்ன தூங்கிட்டாரா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "வாய மூடிக்கிட்டு நில்லுங்க," என்றேன், கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி. "அவருக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குவாரு."