குதிரைத் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வெள்ளிச் சுரங்கம் பார்க்கப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். போட்டோகூட இருக்கிறது. மலையைக் குடைந்த பாதையின் வாசலில், இரவல் கம்பளிச் சட்டையில், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சனிக்கிழமை என் மூன்றரை வயது மகன் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் கிடந்தான். டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருப்பதாக வியாழக்கிழமை சொன்னார்கள். எனக்குத் திங்கட்கிழமைக்குத்தான் விமான டிக்கெட் கிடைத்தது.

நான் மெக்சிகோ வந்து அப்போது எட்டு மாதம். அதற்கு முன் வடகரப்பதியிலிருந்து தினமும் பஸ் ஏறி, கோயமுத்தூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு ரேஷன் கார்டு கேரளாவில், வேலையும் ஆஸ்பத்திரியும் தமிழ்நாட்டில். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டுவது வாசற்படி தாண்டுவது போலத்தான். அந்தத் தைரியத்தில்தான் கம்பெனி மெக்சிகோவில் புதுக்கிளை திறந்து, ஆறு மாதம் போய்வா என்றபோது தலையாட்டிவிட்டேன். ஆறு எட்டாக நீண்டிருந்தது. எங்கள் தென்னந்தோப்பில் தண்ணீர் வற்றி, போர்வெல் காற்றைத்தான் இறைத்தது; பணம் தேவைப்பட்டது. நானும் கணவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனால் விமான நிலையத்தில் பிள்ளையோடு வெளியே நின்றவர் அவர், உள்ளே போனவள் நான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவரைப் போனில் பிடுங்கி எடுத்தேன்.

"கண்ணு முழிச்சானுங்களா?"

"டாக்டருங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க. நீ அங்கிருந்து என்ன பண்ணப்போற? சாப்பிட்டுப் படு."

"கண்ணு முழிச்சானான்னுதானுங்க கேட்டேன்."

"மொதல்ல சாப்பிடு" என்றார் மறுபடி. அவருக்குப் பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவம், மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டை மாற்றாமல் கிடந்த மனிதர். கோபப்படுவதற்கு எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் அறைக் கதவைத் தட்டியவள் என்னோடு பிளான்ட்டில் தர சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண். ஐம்பது வயதுக்காரி. கணவனை இழந்தவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் தேறாது. மீதிக்குப் போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருந்தது. அவள் ஆப்பில் பேசிக் காட்டினாள்: மலை மேல் பழைய சுரங்க ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே கோயிலில் ஒரு புனிதர் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அவர் கண்டிப்பாகச் செய்வார், எழுந்து முகம் கழுவு. நான் அன்று சுடுகாட்டுக்குக் கூப்பிட்டாலும் போயிருப்பேன். அறையில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எதுவும் மேல்.

மூன்று மணி நேரம் முள்ளும் கள்ளியுமான வெட்டவெளி. பிறகு மலை ஏறும் கல் பாவிய ரோடு. கார் குலுங்கிய குலுங்கலில் என் போன் இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. சிக்னல் ஒவ்வொரு கோடாகப் போய், கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆனது. காரை நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன் என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. நிறுத்தவில்லை.

அந்த ஊருக்குள் போக ஒரே வழி, சுரங்கக்காரர்கள் அந்தக் காலத்தில் மலையைத் துளைத்துப் போட்ட பாதை. ஒரு வண்டி மட்டுமே போகலாம். இரண்டு முனையிலும் ஆள் நின்று, வாக்கிடாக்கியில் பேசி, ஒரு பக்கத்து வண்டிகளை விட்டபிறகுதான் மறுபக்கத்தை விடுவார்கள். அந்த முகப்பில் காத்திருந்தபோதுதான் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தாள். சிரி என்றாள். சிரித்தேன்.

ஊரை எனக்குச் சுற்றிக்காட்டாமல் அவள் விடவில்லை. சாமியிடம் பதற்றத்தோடு போகக்கூடாதாம். வெள்ளி நாணயம் அடித்த பழைய கட்டடம். சேவற்கட்டு நடந்த வட்ட மேடை, சுற்றிலும் கல் படிகள். வெள்ளி தீர்ந்ததும் ஜனங்கள் போய்விட, கூரை இல்லாமல் நிற்கும் வீடுகள். அதில் ஒன்றின் ஜன்னலில் கள்ளிச்செடி முளைத்திருந்தது. வேறு நாளென்றால் சேவற்கட்டு மேடையைப் பார்த்து எங்கள் ஊர் ஆட்களை நினைத்துச் சிரித்திருப்பேன். அன்று பார்த்த எதுவும் கண்ணைத் தாண்டி உள்ளே போகவில்லை. வீதி நெடுக விற்ற இனிப்புக்காரர்களிடமும் மெழுகுவர்த்திக்காரர்களிடமும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கோயில் தரை முழுக்க மரப்பலகை. ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு கல்லறை என்று அவள் சொன்னதும் எனக்குக் கால் கூசியது. பக்கத்து அறை ஒன்றில் சுவர் தெரியாமல் காணிக்கைகள். தகரத்தில் வரைந்த சின்னச் சின்னப் படங்கள்: குழிக்குள் விழும் சுரங்கத் தொழிலாளி, கட்டிலில் கிடக்கும் பெண், கவிழ்ந்த லாரி. குழந்தைச் செருப்பு, ஸ்கேன் படம், வெட்டிய தலைமுடிப் பின்னல்கள். வெள்ளியில் கை, கால், கண். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வாங்கிப் போடும் கண்மலரை அங்கே பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒரு பின்னலைக் காட்டி, அது தன்னுடையது, மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்தது என்றாள். பிழைத்தானா என்று கேட்டேன். பிழைத்தான், இப்போது அமெரிக்காவில் இருக்கிறான், பார்த்து ஒன்பது வருஷமாயிற்று என்று சொல்லி, மெழுகுவர்த்தி வாங்கப் போனாள்.

நான் வரிசையில் நின்று புனிதரிடம் போனேன். உட்கார்ந்த நிலையில் ஒரு மரச்சிலை, உடம்பெல்லாம் வெள்ளித் துண்டுகள். என்ன வேண்டுவது என்று யோசித்து வைக்கவில்லை. போனில் மகனின் படத்தைத் திறந்து, அதை அவர் காலடியில் படுக்க வைத்தேன். "இவனை உனக்கே குடுத்துட்டேன் சாமி. எனக்கு வேண்டாம். உன்ற பையனா வெச்சுப் பொழைக்க வெய்யி" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பின்னாலிருந்த கிழவர் லேசாக முதுகைத் தொட்டார், நகரச் சொல்லி. நான் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பாதி சுரங்கப் பாதையில், விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கம் பிள்ளைக்கு உடம்பு தேறாவிட்டால் கோயிலுக்குத் தூக்கிப் போய், பெற்றவள் சாமியிடம் கொடுத்துவிடுவாள். கொடுத்தால் அவன் சாமி பிள்ளை. அப்போதே, அதே இடத்தில், வேறொரு பெண் ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவனைச் சாமியிடமிருந்து வாங்கிக்கொள்வாள். தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன்கூடச் சீண்டமாட்டான் என்று கணக்கு. வாங்கியவள் அவனைப் பெற்றவளிடம் வளர்க்கக் கொடுப்பாள். பெற்றவள் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்தால், கொடுத்ததைத் திருடியதாகிவிடும். நான் கொடுத்தேன். விலையில்லாமல் நானே எடுத்துக்கொண்டும் வந்துவிட்டேன்.

காரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பின்னால் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, ஒரு கார் அகலப் பாதையில் அவள் எப்படித் திருப்புவாள்? கதவைத் திறக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டினாள். நான் இன்ஜினியரிங் படித்தவள். பிளான்ட்டில் ஒரு நூலிழை பிசகினால் பாகத்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்பவள். அந்த இருட்டுக்குள் எனக்குப் படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை. என் பிள்ளை என் தப்பால் சாகப்போகிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அவள் காரணம் கேட்காமலே வண்டியைத் திருப்பினாள். மறுபடி உள்ளே போகக் காத்திருந்த நேரத்தில் ஆப்பை வைத்துக்கொண்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் இல்லாமலே அது வேலை செய்தது ஒன்றுதான் அன்று எனக்கு வாய்த்த நல்லது. "மகனைச் சாமிக்குக் கொடுத்தேன், நீ தவிட்டுக்கு வாங்க வேண்டும்" என்று அதை இரண்டு முறை சொல்ல வைத்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். எவ்வளவு தவிடு என்று மட்டும் கேட்டாள்.

தவிட்டுக்கு எங்கே போவது என்று நான் கலங்க வேண்டியிருக்கவில்லை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் குதிரைகள் சதுக்கத்தில் நின்றிருந்தன. ஒரு குதிரைக்காரன் வாளியில் தீவனம் கலந்துகொண்டிருந்தான். அவள் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோதுமைத் தவிட்டை இரண்டு கை அள்ளி அவள் சால்வையில் போட்டான். காசு வாங்கவில்லை.

கோயிலைப் பூட்டும் நேரம். சாவிக்கொத்தோடு நின்ற பெரியவர் கையை விரித்தார். அவள் அவரிடம் நெடுநேரம் மன்றாடினாள். அவர் தவிட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் வெட்கமில்லாமல் கைகூப்பி நின்றேன். கடைசியில் கதவை ஒருக்களித்து விட்டார். நான் மறுபடி போனைப் புனிதரின் காலடியில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் தள்ளி நின்றேன். எங்கள் ஊரில் பூசாரி நிற்கும் இடத்தில் அந்தப் பெரியவர் நின்றார். அவள் தவிட்டை அவர் கையில் கொட்டினாள், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள், போனை எடுத்தாள். திரையில் என் மகன் முகத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இவன் என் மகன். உன்னிடம் வளர்க்கக் கொடுக்கிறேன்" என்று அவளாகவே சொன்னாள். அதற்கு எனக்கு ஆப் தேவைப்படவில்லை.

மலையிறங்கி ரோட்டுக்கு வந்ததும் போன் தொடர்ச்சியாக அடித்துக்கொண்டது. கணவரின் குரல் செய்தி. திறந்து கேட்கப் பயந்து அவளிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் என்ன தெரியும், அவளும் அதை அழுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "பையன் கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டானாம். கவுண்ட் ஏறுதுன்னு சொல்றாங்க. இப்பவாவது சாப்பிடு" என்றது குரல். நான் சாப்பிட்டேன். ரோட்டோரக் கடையில் சோள ரொட்டியை அழுதுகொண்டே ஏழெட்டுத் தின்றேன்.

புதன்கிழமை காலை பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகனைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். என் நாத்தனாரின் மடியில் சாய்ந்து, கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். இந்த எட்டு மாதமும் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது அந்த அக்காதான்.

"வா அம்மிணி. சொன்னாத் திட்டாத. வெள்ளிக்கெழமை பையன் ரொம்ப மோசமாயிட்டான். நீ இங்க இல்லாததுனால உன்ற ஊட்டுக்காரனே பையன் சட்டையக் கொண்டுபோயி மாரியம்மன்கிட்டக் குடுத்தான். நான்தான் தவிட்டுக்கு வாங்கினேன்" என்றார்.

நான் ஏன் திட்டப்போகிறேன்? அந்த அக்காவின் காலில் விழாத குறைதான். மெக்சிகோவில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆளாளுக்கு வாங்கிப் பிழைக்கவைத்திருந்த பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். போனில் தினமும் பார்த்த முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதவன் போல முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் மடிக்குள் நகர்ந்துகொண்டான்.

"அத்தை, இவங்க எப்பப் போவாங்க?"

"போகமாட்டேன் சாமி. அம்மா இனி எங்கயும் போகமாட்டேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்வது நிஜம்தானா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தான்.