மாமா மாட்டிய பம்ப்

பழைய காரைப் புதுப்பிக்கிற என் மகன் மின்சார பெட்ரோல் பம்ப்பை பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான். அது டிக் டிக் என்று அடித்தது. "என்ஜின் சுத்தறதுல ஓடற பழைய பம்ப்பே போதுமா, இத மாட்டட்டுமாம்மா?" என்றான். அந்த டிக் டிக் நான் சின்ன வயதில் கேட்டது.

திண்டிவனத்தில் அப்பா வாடகைக்கார் ஓட்டினார். வெயிலில் என்ஜின் பம்ப் கொதித்து வண்டி நிற்கும். ஈரத்துணி சுற்றினால் மறுபடி ஓடும். விழுப்புரத்தில் அதே ரகக் கார் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, மின்சார பம்ப்போடு வந்தார்.

"இன்னும் துணி சுத்திக்கினு பேஜாரு படணுமா மச்சான்? இது புதுசு, சூடே ஏறாது." மாட்டிவிட்டு, பழையதைக் காயலான் கடையில் போடுவதாக எடுத்துப்போனார்.

ஒலக்கூர்க் கல்யாணப் பெண்ணை பெருமுக்கல் முகூர்த்தத்துக்கு ஏற்றிப்போகும்போது பாதிவழியில் டிக் டிக் நின்றது, வண்டியும் நின்றது. அப்பா ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தார். "இனிமே உன் வண்டிய எவன்யா கூப்புடுவான்?" என்று பெண்ணின் தகப்பனார் கத்தினார்.

மறுநாள் அப்பா விழுப்புரம் போய் மாமா காரின் பானெட்டைத் திறந்தால், உள்ளே எங்கள் பழைய பம்ப். தன் காரில் கெட்டுப்போனதைத்தான் எங்களுக்குப் புதுசென்று மாட்டியிருக்கிறார்.

அப்பா வீட்டில் வந்து சொன்னபோது அம்மா நிமிரவே இல்லை.

"தெரியும். நாலு பொண்ண வெச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான்? நமக்கு இவ ஒருத்திதான?"

அதன் பிறகு சவாரி வரவில்லை. காரை விற்றார்கள், என் படிப்பும் நின்றது. மாமா பெண்கள் நாலு பேரும் பள்ளிக்கூடம் போனார்கள்.

"எதுன்னு சொல்லும்மா" என்றான் மகன்.

"எதுனா மாட்டு. சொந்தக்காரன் குடுத்தது மட்டும் வேணாம்டா."