இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மேட்னி

எழுபதுகளின் தொடக்கத்தில், பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில் நான் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். விடுதி மாணவர்கள் அனுமதியில்லாமல் சினிமாவுக்குப் போனால் அந்தப் பருவம் முழுக்க விளையாட முடியாது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், நானும் கேப்டனும் ராயப்பேட்டையில் மேட்னி பார்த்தோம். நான் சைக்கிள் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வார்டன் ஃபாதர் அவனைப் பார்த்துவிட்டார். அவனுக்குத் தடை விழுந்தது. என் பெயரை அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை, யார் ஃபாதர் அறைப் பக்கம் நடந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் போகிறார்கள் என்று பட்டது. கடைசியில் நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"நானும் போயிருந்தேன், ஃபாதர்."

"இப்போ ஏன் சொல்றே?"

"பயமா இருக்கு, ஃபாதர்."

"சரி, நீயும் ஆட வேண்டாம்."

கிண்டி மைதானத்தில் கோட்டுக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பதிலாக நின்றவன் நாலு கோல் விட்டான். தோற்றோம்.

"இன்னாத்துக்கு மச்சி போய் சொன்னே? நான் வாய மூடிக்கினு இருந்ததே நீ ஆடணும்னுதான்" என்றான் கேப்டன்.

அதன்பின் பருவம் முடியும்வரை அவன் என்னோடு பேசவில்லை.